டிராகன் பழத்திலிருந்து தொடங்கலாம்: குன்னூர் ஜன்னலோரத்தில் விதை போட்டுக் கள்ளி வளர்ப்பது எப்படி?

டிராகன் பழத்தை இரண்டாக வெட்டினால் வெள்ளைச் சதையில் கருப்பு எள்ளைத் தூவியது போல இருக்கும். பல்லில் நறுக் நறுக்கென்று கடிபடும் அந்த எள் ஒவ்வொன்றும் ஒரு கள்ளி விதை. 2021-ல் குஜராத் அரசு இந்தப் பழத்துக்கு 'கமலம்' என்று பெயர் மாற்றியபோது சமூக வலைதளங்களில் நாள் முழுக்க அதே பேச்சு. ஆனால் அது காய்ப்பது ஒரு கள்ளிச் செடியில் என்பது, பழத்தை வாரா வாரம் வாங்குகிறவர்களில் பலருக்கு இன்னும் தெரியாது.

ஒரு ஸ்பூன் சதையை டீ வடிகட்டியில் போட்டு, குழாய்க்கு அடியில் பிடித்து நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். சதை போய் விதை மட்டும் நிற்கும். டிஷ்யூ பேப்பரில் ஒரு நாள் காய வைத்து, ஈர மண்ணின் மேல் தூவி, மூடி வைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் பச்சையாக முளை விட்டிருக்கும். "விதையிலிருந்து கள்ளியா? அதெல்லாம் நர்சரிக்காரங்க வேலை" என்று நினைத்திருந்தால் முதல் பரிசோதனைக்கு இதுவே போதும். செலவு, நீங்கள் எப்படியும் சாப்பிடப் போகிற ஒரு பழம்.

இதை நான் செய்தது குன்னூரில். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். ஐப்பசி, கார்த்திகையில் துவைத்துப் போட்ட ஜீன்ஸ் மூன்று நாள் ஆனாலும் காயாது. பீரோவுக்குள் வைத்த தோல் செருப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். ஜன்னலோரத்தில் வரிசையாக டப்பா வைத்திருப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா ஒரே வரியில் கேட்டார்: "துணியே காய மாட்டேங்குது. இந்த ஊர்ல போய் கள்ளி வளக்குறீங்களா தம்பி?"

பாலைவனச் செடிக்குக் குன்னூரில் என்ன வேலை?

அக்கா கேட்டது நியாயமான கேள்விதான். கள்ளி என்றதும் நமக்கு மணல், வெயில், ஒட்டகம் என்று ஒரு படம் மனதில் ஓடும். அந்தப் படத்தில் முதலில் ஒரு திருத்தம். அரேபியப் பாலைவனத்தில் இயற்கையாக வளர்ந்த கேக்டஸ் ஒன்றுகூடக் கிடையாது. கேக்டஸ் குடும்பம் வட, தென் அமெரிக்காவுக்கு உரியது. ஒரே விதிவிலக்கு, ரிப்சாலிஸ் என்ற மரத்தில் தொங்கும் வகை. அது அமெரிக்காவோடு ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், நமக்குப் பக்கத்தில் இலங்கையிலும் இயற்கையாக இருக்கிறது.

அப்படியானால் நம் ஊர்ச் சதுரக்கள்ளி, திருகுக்கள்ளி எல்லாம்? அவை வேறு குடும்பம், ஆமணக்கின் உறவு. கிள்ளினால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. கேக்டஸில் அப்படிப் பால் கொட்டாது என்பது பொதுவான அடையாளம். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் முள்ளின் அடியைப் பாருங்கள். கேக்டஸில் முட்கள் ஒரு சின்னப் பஞ்சு மெத்தையிலிருந்து கொத்தாகக் கிளம்பும். அந்த மெத்தை இருந்தால் கேக்டஸ், இல்லையென்றால் இல்லை. தமிழில் இரண்டுக்குமே கள்ளி என்றுதான் சொல்கிறோம். இந்தக் கட்டுரையில் இனி கள்ளி என்றால் கேக்டஸ்.

இரண்டாவது திருத்தம்தான் குன்னூருக்கு முக்கியம். எல்லாக் கள்ளியும் பாலைவனத்தில் வளர்வதில்லை. ராத்திரியில் மலரும் 'பிரம்ம கமலம்' என்று வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறார்களே, பல வீடுகளில் இருக்கும் அந்தச் செடி ஒரு கள்ளி. மெக்சிகோ, குவாதமாலா பக்கத்து ஈரக் காடுகளில் மரக்கிளை மேல் வளர்வது. டிசம்பரில் பூக்கும் கிறிஸ்துமஸ் கேக்டஸின் சொந்த ஊர் பிரேசிலின் தென்கிழக்கு மலைக்காடுகள். அங்கேயும் நம் லாம்ஸ் ராக் போலவே பனிமூட்டம்தான். ரெபுட்டியா, லோபிவியா என்று இரண்டு உருண்டை வகைகள் உண்டு. பொலிவியா, அர்ஜென்டினாவில் அண்டீஸ் மலையின் 2,000, 3,000 மீட்டர் உயரத்தில் பாறை இடுக்குகளில் வளர்பவை. இரவுக் குளிர் அவற்றுக்குப் புதிதல்ல. சொல்லப்போனால் குளிர்காலத்தில் கொஞ்ச நாள் குளிர்ந்து, காய்ந்து கிடந்தால்தான் அடுத்த ஆண்டு நன்றாகப் பூக்கும்.

அண்டீஸிலிருந்து நீலகிரிக்குச் செடி வருவதும் புதுக்கதை இல்லை. மலேரியாவுக்குக் கொயினா எடுக்கும் சின்கோனா 1860-களில் இப்படித்தான் ஊட்டிக்கு வந்தது. அப்போது அரசுத் தோட்டங்களின் பொறுப்பில் இருந்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் அதன் விதையையும் போத்தையும் கண்ணாடிக் கூரைக்குக் கீழே வைத்துத்தான் பெருக்கினார். 1848-ல் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குப் போனால் இன்றும் கள்ளிகள் கண்ணாடி மாளிகைக்குள் இருப்பதைப் பார்க்கலாம். குளிருக்குப் பயந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைப்போம். அதைவிடப் பெரிய காரணம் மழை. குளிரையும் தாங்கும், ஈரத்தையும் தாங்கும்; குளிரும் ஈரமும் சேர்ந்து வந்தால் பெரும்பாலான உருண்டைக் கள்ளிகள் அழுகிவிடும். மேற்கு வங்கத்தின் காலிம்பாங் இதே போல ஒரு பனிமூட்ட மலையூர். அங்குள்ள பைன் வியூ நர்சரி கள்ளித் தொகுப்புக்குப் பேர் போனது. ஆகவே அக்காவுக்குப் பதில்: வளர்க்கலாம் அக்கா, தலைக்கு மேல் கூரை இருந்தால்.

கடையில் கிடைக்கும்போது விதை எதற்கு?

சிம்ஸ் பூங்காவுக்கு மே மாதப் பழக் கண்காட்சி பார்க்க வருகிறவர்கள் திரும்பும்போது ஒரு சின்னத் தொட்டிக் கள்ளி வாங்கிப் போவது வழக்கம். பச்சைத் தண்டின் மேல் சிவப்போ மஞ்சளோ உருண்டை ஒட்டிய வகைதான் அதிகம் கண்ணில் படும். அந்தச் சிவப்பு உருண்டைக்குப் பச்சையம் கிடையாது; தனியாக நட்டால் பிழைக்காது. அடியில் இருக்கும் பச்சைத் தண்டு பெரும்பாலும் நம் டிராகன் பழச் செடிதான். அந்தத் தண்டு போடும் சாப்பாட்டில் மேலே இருப்பவர் வாழ்கிறார். சில வருடங்களில் இரண்டில் ஒன்று களைத்துவிடும். வாங்கியவர் "எனக்குக் கைராசி இல்லை" என்று முடிவுக்கு வந்துவிடுவார். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அது சின்ன வருத்தம். பெரிய பிரச்சினை, ஆன்லைனில் 'அரிய வகை' என்று விற்கப்படும் கள்ளிகளில் இருக்கிறது. 2015-ல் உலகின் 1,478 கள்ளி இனங்களை ஆராய்ந்து வெளியான மதிப்பீட்டில் 31 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தது. காரணங்களில் விவசாய விரிவாக்கம், கட்டுமானம் எல்லாம் உண்டு. ஆனால் செடிப் பிரியர்களுக்காகக் காட்டிலிருந்து தோண்டி எடுப்பதும் முன்வரிசையில் இருக்கிறது. செடியை நேசிக்கிறவர்களே அதற்கு எமனாவது கொஞ்சம் கசப்பான செய்திதான்.

ஒரு உதாரணம். 2020-ல் இத்தாலியின் செனிகாலியா என்ற ஊரில் ஒரு வீட்டில் போலீஸ் சோதனை போட்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளிகள் சிக்கின. பெரும்பாலும் கோப்பியாபோவா என்ற சாம்பல் நிற வகை, சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்திலிருந்து தோண்டப்பட்டவை. மழையே பார்க்காத அந்த மண்ணில் ஒரு செடி கைப்பிடி அளவு ஆகவே பல பத்தாண்டுகள் பிடிக்கும். அடுத்த ஆண்டு 844 செடிகளை விமானத்தில் ஏற்றி மறுபடி சிலிக்கே அனுப்பினார்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் இருக்கிறது. ஓட்டல் வாசல்களில் மஞ்சள் முள்ளோடு பெரிய பந்து மாதிரி உட்கார்ந்திருக்குமே, தங்கப் பீப்பாய்க் கள்ளி. ஆங்கிலத்தில் இதற்கு 'மாமியார் மெத்தை' என்று ஒரு செல்லப் பெயர். வைத்தது யாராவது மருமகனாக இருக்க வேண்டும். மெக்சிகோவில் இதன் சொந்த இடத்தின் பெரும்பகுதி 1990-களில் ஸிமாபான் அணையில் மூழ்கியது. இயற்கையில் இன்று அது அழியும் நிலையில் உள்ள இனம். ஆனால் சென்னையிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் எண்ணி மாளாத செடிகள் இருக்கின்றன. எல்லாம் நர்சரிகளில் விதை போட்டு வளர்த்தவை. விதை வழியாகக் கிடைக்கிற செடியை யாரும் மலையேறிப் போய்த் தோண்டத் தேவையில்லை.

விதைக்கு இன்னொரு குணம். இதைத் தேயிலை ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். பழைய எஸ்டேட்டுகளில் இருப்பது விதைச் செடி. ஒவ்வொரு புதரும் கொஞ்சம் வேறு மாதிரி. இலை அகலம் வேறு, துளிர் நிறம் வேறு. புதிதாக நட்ட இடங்களில் யுபாசி-9 போன்ற குளோன் செடி. ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. கள்ளியிலும் அப்படியே. துண்டு வெட்டி வைத்தால் தாய்ச்செடியின் நகல் கிடைக்கும். இருபது விதை போட்டால் இருபது ஆள். சிலது குன்னூர்க் குளிரைத் தாங்கும், சிலது தாங்காது. தாங்கியவைதான் உங்கள் ஜன்னலுக்கு ஏற்றவை.

சரி, விதைக்கலாம். எப்போது?

இங்கே நிறைய யூடியூப் வீடியோக்கள் நம்மைக் கவிழ்த்துவிடும். அவர்கள் மதுரை மொட்டை மாடியிலோ கலிபோர்னியாவிலோ நின்று பேசுகிறார்கள். பெரும்பாலான கள்ளி விதைகள் முளைக்கப் பகலில் 25 முதல் 30 டிகிரி வரை சூடு வேண்டும். இரவில் கொஞ்சம் இறங்கினால் பரவாயில்லை. குன்னூரில் ஜனவரி இரவு 10 டிகிரியை ஒட்டி வந்துவிடும். ஏப்ரல் நடுப்பகலில்கூட நிழலில் 25-ஐத் தொட்டால் பெரிது. அதனால் சீசன் என்பது மார்ச் மூன்றாம் வாரத்திலிருந்து மே வரை. முளைத்த நாற்று, வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கும் அக்டோபருக்குள் சில மாதமாவது வளர்ந்திருக்க வேண்டும். நான் முதல் முறை ஆர்வக் கோளாறில் நவம்பரில் விதைத்தேன். முளைத்தது நான்கு. பொங்கலுக்கு ஒன்றுகூட இல்லை.

சூட்டுக்கு வீட்டிலேயே இடம் தேடலாம். வைஃபை ரவுட்டரின் மேல், செட்டாப் பாக்ஸின் மேல், ஃப்ரிட்ஜுக்குப் பின்பக்கம் வெதுவெதுப்பாக இருக்கும் இடம். ஒர்க் ஃப்ரம் ஹோம் ஆட்களுக்கு ரவுட்டர் 24 மணி நேரமும் ஓடும் என்பது கூடுதல் வசதி. ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். தண்ணீர் கசியாத தட்டு ஒன்று அடியில் கட்டாயம். ரவுட்டர் போனால் ஆபீஸில் என்ன காரணம் சொல்வது?

மண். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செம்மண் வேண்டவே வேண்டாம். களிமண் கலந்த அந்த மண் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது. சன்னமாகச் சலித்த இலைமக்கு ஒரு பங்கு, நன்றாகக் கழுவிய பருமணலோ பெர்லைட்டோ ஒரு பங்கு. எம்-சாண்ட் எடுத்தால் அதிலுள்ள மாவு போகும் வரை நாலைந்து தண்ணீர் கழுவ வேண்டும். கலவையை லேசாக ஈரமாக்கி, ஒரு துணியில் கட்டி, இட்லிப் பானையில் அரை மணி நேரம் ஆவியில் வேக வையுங்கள். பூஞ்சை வித்து, பாசி, பூச்சி முட்டை எல்லாம் அதிலேயே முடிந்துவிடும். வீட்டில் இதற்கு எதிர்ப்பு வரும். பழைய இட்லிப் பானை ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது குடும்ப அமைதிக்கு நல்லது.

ஆறிய மண்ணை அடியில் ஓட்டை போட்ட சின்னத் தயிர் கப்பில் நிரப்பி, மேல்பரப்பைத் தட்டிச் சமமாக்குங்கள். விதையைப் புதைக்கக் கூடாது, மேலேயே தூவ வேண்டும். பல கள்ளி விதைகள் வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். மம்மிலேரியா போன்றவற்றின் விதை ஒரு மில்லிமீட்டர்தான் வரும். மடித்த பேப்பரில் வைத்து விரலால் தட்டித் தட்டி விடுங்கள். பேச்சுக் கொடுத்தால் மூச்சுக் காற்றிலேயே பறந்துவிடும். தண்ணீரையும் மேலே ஊற்றக் கூடாது. கொதித்து ஆறிய தண்ணீர் உள்ள தட்டில் கப்பை நிறுத்தினால் அடியிலிருந்து உறிஞ்சி மேல்மண் கருத்துவிடும். எடுத்து வடியவிட்டு, அப்படியே ஜிப்லாக் பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். பேரும் தேதியும் எழுதுங்கள். "ஞாபகம் இருக்கும்" என்று விட்டால் மூன்றாவது மாதம் எல்லாம் ஒரே மாதிரிப் பச்சை மணிகளாகத்தான் தெரியும்.

இந்த மூடிய பைதான் குன்னூரில் காப்பாற்றுவது. பையின் உட்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் உள்ளே ஈரம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்; தண்ணீர் விட வேண்டிய வேலையே இல்லை. வெளிச்சம் தாராளமாக வேண்டும், ஆனால் நேர் வெயில் கூடாது. வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும் மூடிய பைக்குள் நேர் வெயில் விழுந்தால் அரை மணியில் நாற்று வெந்துவிடும். மேகம் மூடிய வாரங்களில் சாதாரண வெள்ளை எல்இடி டியூப்பை ஒரு சாண் உயரத்தில் வைத்து 12 முதல் 14 மணி நேரம் எரியவிடலாம். நாற்று மெலிந்து ஒரு பக்கமாக நீண்டால் வெளிச்சம் போதவில்லை. சிவந்து பழுப்பானால் அதிகம்.

அஸ்ட்ரோஃபைட்டம் என்ற நட்சத்திர வகையின் புது விதை, சூடு சரியாக இருந்தால் இரண்டு மூன்று நாளிலேயே வெடித்து எட்டிப் பார்க்கும். மம்மிலேரியா, ரெபுட்டியாவுக்கு ஒன்று, இரண்டு வாரம். சப்பாத்திக்கள்ளி வகைகளின் ஓடு கெட்டி, மாதக்கணக்கில்கூட இழுக்கும். ஒரு மாதத்துக்குப் பிறகும் ஒன்றுமே வரவில்லையென்றால் விதை பழசாக இருக்கலாம். தூக்கி எறியாமல் பையை அப்படியே ஓரமாக வையுங்கள், சில சோம்பேறிகள் அடுத்த கோடையில் எழுந்து வருவார்கள்.

பையை எப்போது திறப்பது?

விதை போடுவது எளிது. நாற்றுகளைப் பறிகொடுப்பது இந்தக் கட்டத்தில்தான்.

முளைத்த கள்ளி, கள்ளி மாதிரியே இருக்காது. கடுகளவு பச்சை மணி, உச்சியில் இரண்டு குட்டி விதையிலைகள். முள் வரச் சில வாரம் ஆகும். பெரிய கள்ளி மாதிரி தண்ணீரைச் சேர்த்து வைக்க இந்த மணியில் இடம் இல்லை. 'கள்ளிக்கு மாசம் ஒரு தடவை தண்ணீர் போதும்' என்ற பொன்மொழியை முதல் வருடம் முழுக்க மறந்துவிடுங்கள். இயற்கையிலும் அப்படித்தான். அரிசோனாவின் பிரம்மாண்டமான சாகுவாரோ கள்ளிகூட ஏதாவது ஒரு மரத்தின் நிழலில் ஒண்டித்தான் வாழ்க்கையைத் தொடங்கும். முதல் எட்டு வருடத்தில் அது வளர்வது ஒன்று, ஒன்றரை அங்குலம். நம் ரெபுட்டியா பரவாயில்லை, இரண்டு மூன்று வருடத்தில் பூக்கவே ஆரம்பித்துவிடும். மம்மிலேரியாவுக்கு மூன்றிலிருந்து ஐந்து வருடம் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிரி, நாற்றழுகல். நெல், தக்காளி நாற்றங்காலில் வருகிற அதே நோய். நேற்று கெட்டியாக நின்ற மணி இன்று கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும், நாளைக்குச் சரிந்து கிடக்கும், மறுநாள் பக்கத்தில் இருப்பதும் போகும். பார்த்த உடனே அந்த நாற்றையும் சுற்றியுள்ள மண்ணையும் ஸ்பூனால் அள்ளி வெளியே போட்டுவிட்டு, பையைக் கொஞ்சம் திறந்து காற்று விடுங்கள். பாவம் பார்த்து விட்டுவைத்தால் கப் முழுக்கக் காலி. மருந்தைவிட ஆரம்பச் சுத்தம்தான் காப்பாற்றும். டிராகன் பழ விதையைச் சதை போகத் தேய்த்துக் கழுவச் சொன்னதும் இதற்குத்தான். ஒட்டியிருக்கும் சர்க்கரையைத் தேடித்தான் பூஞ்சை முதலில் வரும்.

முள் நன்றாகத் தெரியும்வரை, சுமார் இரண்டு மூன்று மாதம், பை மூடியே இருக்கட்டும். பிறகு முதல் வாரம் பையில் ஊசியால் சில ஓட்டை. அடுத்த வாரம் வாயைப் பாதி திற. அதற்கடுத்த வாரம் முழுசாக. ஒரே நாளில் வெளியே எடுத்தால் நாற்று சுருங்கிப்போகும். ஜூலை, ஆகஸ்டில் வெளிக் காற்றே ஈரமாக இருப்பதால் குன்னூரில் இந்த மாற்றம் சமவெளியைவிட எளிது. நம் பனிமூட்டம் உதவி செய்கிற ஒரே இடம்!

பை திறந்த பிறகு இரண்டு விருந்தாளிகள் வருவார்கள். மண்ணின் மேல் குதிக்கும் பொடிக் கருப்புக் கொசு ஒன்று. அதன் புழு வேரைத் தின்னும். காய்கறித் தோட்டத்துக்கு விற்கும் மஞ்சள் ஒட்டுப்பொறி அட்டையை வெட்டிச் செருகினால் மாட்டும். இன்னொன்று ஓடில்லாத நத்தை. ராத்திரி ஒரே ஒரு நத்தை வந்தால் காலையில் ஒரு கப் நாற்று இருக்காது. ஒரு வருட உழைப்பு அது. டப்பாக்களைத் தரையில் வைக்காமல் மேஜை மேல் வையுங்கள்.

ஒரு வருடம் கழித்து, பட்டாணி அளவு வந்ததும் பிரித்து நடலாம். நட்ட உடனே தண்ணீர் விடாமல் நாலைந்து நாள் விடுங்கள், அறுபட்ட வேர் ஆறட்டும். இரண்டாவது குளிர்காலத்திலிருந்து நவம்பர் முதல் பிப்ரவரி வரை தண்ணீரை ஏறக்குறைய நிறுத்திவிடலாம். காய்ந்த மண்ணில் இருக்கும் ரெபுட்டியாவுக்குக் குன்னூர்க் குளிர் ஒன்றும் செய்யாது. வெளியே வைப்பதானால் மேலே ஒளி ஊடுருவும் ஷீட், பக்கங்கள் திறந்து காற்றோட்டம். அவ்வளவுதான்.

விதை எங்கே கிடைக்கும்?

டிராகன் பழம் தாண்டி அடுத்த படி, உங்களிடமோ நண்பரிடமோ ஏற்கெனவே பூக்கிற செடி. மம்மிலேரியாவில் பூ முடிந்து சில மாதத்தில் முட்களுக்கு நடுவே குட்டிச் சிவப்பு மிளகாய் மாதிரி பழம் நீட்டும். மெக்சிகோவிலும் அதைக் 'குட்டி மிளகாய்' என்ற பொருளில்தான் கூப்பிடுகிறார்கள். மெதுவாக இழுத்தால் கையோடு வரும், உள்ளே விதை. அஸ்ட்ரோஃபைட்டம் மாதிரி சில வகைகள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே சமயத்தில் பூத்த இரண்டு செடிகளுக்கு நடுவில் பெயின்ட் பிரஷ்ஷால் நீங்களே தேனீ வேலை பார்க்க வேண்டும்.

ஆன்லைனில் வாங்குவதானால் இந்தியாவுக்குள் வளர்த்து விதை எடுக்கிறவர்களிடம் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைப்பது பார்ப்பதற்கு எளிது, சட்டப்படி அப்படி இல்லை. 2003-ம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இல்லாவிட்டால் கவர் வழியிலேயே நின்றுவிடும். அழியும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில் இந்தியா 1976-லிருந்து இருக்கிறது. ஏறக்குறைய எல்லாக் கேக்டஸும் அதன் பட்டியலில் வருகின்றன. ஏரியோகார்பஸ் போன்றவை மிகக் கடுமையான முதல் பட்டியலில்.

செடியாகவே வாங்க ஆசைப்பட்டால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நர்சரியில் விதை போட்டு வளர்ந்தவை ஒரே அளவில், தழும்பில்லாமல், பளிச்சென்று வரிசையாக இருக்கும். காட்டிலிருந்து வந்தது கோணலாக, அடிப்பகுதி மரப்பட்டை மாதிரி கெட்டிப்பட்டு, வெயில் தின்ற தழும்போடு, வெட்டிய தடித்த மூலவேரோடு இருக்கும். விற்பவர் அதைத்தான் 'கேரக்டர்' என்று விளம்பரம் செய்வார்.

ஒன்றே ஒன்று: வேலிக்கு வெளியே வேண்டாம்

கள்ளி வந்து தமிழ்நாடு பட்ட பாடு ஒன்று இருக்கிறது. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார். அந்தக் கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்து ஸ்பெயினின் ஏகபோகத்தை உடைப்பது திட்டம். 1795-ல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியும் வந்தது. ஆனால் வந்தது வேறு இனம். சாயம் சுமார், கள்ளியைத் தின்று தீர்ப்பதில் மட்டும் கெட்டி. அதைப் பார்த்து 1836-38 வாக்கில் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து, காடாய்ப் பரவியிருந்த ஒரு கள்ளி வகையை வேண்டுமென்றே அழித்தார்கள். ஒரு பூச்சியை விட்டுக் களையை அழித்ததில் உலகின் ஆரம்ப உதாரணங்களில் இது ஒன்று. நாகதாளி என்றும் நாம் சொல்லும் முள் அதிகமான இன்னொரு வகைக்கு அந்தப் பூச்சி வாயே வைக்கவில்லை. அதற்கு 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் பூச்சி வர வேண்டியிருந்தது.

இவ்வளவுக்கும் காரணம் பழத்தைத் தின்று விதையைப் பரப்பிய பறவைகளும், வேலிக்கு நட்டுவிட்டு மறந்துபோன மனிதர்களும். உண்ணிச்செடியும் சீகை மரமும் நீலகிரியில் என்ன செய்திருக்கின்றன என்று நமக்குத் தெரியும். 2022-ல் தமிழக அரசு அந்நியக் களைத் தாவரங்களை அகற்ற ஒரு தனிக் கொள்கையே வெளியிட வேண்டி வந்தது. எனவே சப்பாத்திக்கள்ளி வகைகளை விதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். மிஞ்சிய எந்த நாற்றையும் சோலைப் பக்கமோ எஸ்டேட் சரிவிலோ 'பிழைச்சுக்கோ' என்று விட வேண்டாம், யாருக்காவது கொடுங்கள்.

நான் போன ஏப்ரலில் இருபத்தைந்து ரெபுட்டியா விதை போட்டதில் இப்போது பதினொன்று இருக்கின்றன. பெரியது மிளகை விடக் கொஞ்சம் பெரிது. உற்றுப் பார்த்தால் வெள்ளை முடி மாதிரி முள் வந்திருக்கிறது. அக்கா நேற்று கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். "குத்தவே மாட்டேங்குதே தம்பி" என்றார். ஒன்றைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். அவர் வீட்டு ரவுட்டர் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறதாம்.